புரோக்கரை விசாரிக்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்

1

லண்டனில் நான் வீடு வாங்கிய நாளில் எனக்கும் வங்கிக்கும் இடையில் ஒரு மனிதனும் நிற்கவில்லை. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். மிச்சத்தை வாசித்துவிட்டு யாரும் என்னை ஏமாளி என்று நினைக்கக்கூடாது.

இப்போது இரண்டு மாதமாகக் கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறோம். என் மனுசியின் தமக்கை மகனுக்குக் கலியாணம். அதற்கென்று கடற்கரைப் பக்கம் ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்தேன். காலையில் சந்தைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு காலி வீதியால் நடந்து வருவேன். லண்டனில் என்னை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே மீன்காரன் "ஐயா லண்டனா?" என்று கேட்டுவிட்டு விலையைக் கூட்டுகிறான். இரண்டில் எது மரியாதை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒருநாள் மத்தியானம் மகள் அபியிடமிருந்து போன் வந்தது. ஒரே பிள்ளை. போன வருசம் தனி ஃபிளாட் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கலியாணம் கட்டாத பிள்ளை, பெற்றோர் வீட்டில் அறை இருக்க, ஏன் தனியே போனாள் என்று கேட்கும் உறவினர்களுக்கு நான் இன்னும் ஒரு பதில் தயாரிக்கவில்லை.

"அப்பா, வீட்டுக் கடனின்ர நிரந்தர வட்டிக் காலம் முடியப் போகுது. பாங்க் கடிதம் போட்டிருக்கு."

"முடிஞ்சா என்ன, திரும்பப் போடுறதுதானே."

"முந்தின மாதிரி இல்லையப்பா. வட்டி எல்லாம் ஏறிக் கிடக்குது."

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். லண்டனில் வீட்டுக் கடன் எடுத்தால் சில வருசங்களுக்குத்தான் ஒரே வட்டி. அந்தக் காலம் முடிகிறபோது புதிய வட்டிக்கு மாற்றிப் போட வேண்டும், அதே வங்கியிலோ வேறு வங்கியிலோ. மாற்றாமல் விட்டால் வங்கி தன் இஷ்டத்துக்கு ஒரு வட்டியைப் போடும். அப்படிப் போட்டால் என் கடையை இன்னொருவனுக்கு விட்டு வருகிற வாடகையும் பென்சனும் சேர்ந்தும் மாதக் கட்டணத்துக்குக் காணாது. வீட்டை விற்க வேண்டி வரும். இந்த வயதில் புதுக் கடன் தருவதற்கு வங்கிகள் யோசிக்கும். எனக்கு உலகத்தில் இருப்பது அந்த ஒரு வீடுதான்.

"ஒரு மோர்கேஜ் புரோக்கரைப் பிடிப்பம்," என்றாள் அபி. "ஜெரோம் எண்டு ஒருத்தர். எங்கட ஒஃபிசில ரெண்டு பேருக்கு மாத்திக் குடுத்தவர். தமிழ்தான், சொந்த இடம் கொழும்பில கொட்டாஞ்சேனை."

"எவ்வளவு கேக்கிறான்?"

"உங்களிட்ட ஒண்டும் வாங்க மாட்டார்."

அந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் பிடித்தது.

2

புரோக்கர் என்றால் என்ன என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. இந்த ஃபிளாட்டையே ஒரு புரோக்கர்தான் காட்டினான். போனில் எந்தச் சந்து, எந்த ஒழுங்கை என்று சொல்ல மாட்டான். காலி வீதியில் ஒரு பாமசி வாசலில் நிற்கச் சொல்லி, அங்கிருந்து என்னையும் மனுசியையும் நேரே கூட்டிப் போகாமல் இரண்டு ஒழுங்கை சுற்றிக் கூட்டிப் போனான். மனுசிக்கு முழங்கால் நோ. வழி முழுக்க அவனுக்குப் பேச்சு.

"ஓனரோட நேர கதைச்சிராதீங்க ஐயா. அவர் ஒரு மாதிரி ஆள்," என்றான்.

ஓனர் ஒரு மாதிரி ஆளும் இல்லை, இரண்டு மாதிரி ஆளும் இல்லை. நல்ல மனிதர். பிறகுதான் தெரிந்தது, என்னிடம் ஒரு மாத வாடகை வாங்கியவன் அவரிடமும் ஒரு மாத வாடகை வாங்கியிருக்கிறான். அவரிடம் என்னைப் பற்றியும் "ஒரு மாதிரி ஆள்" என்றுதான் சொல்லியிருக்கிறான்.

அவனையும் குறை சொல்ல முடியாது. ஒழுங்கையின் பெயரை முன்கூட்டியே சொன்னால் நாங்கள் அவனை வெட்டிவிட்டு நேரே வீட்டுக்காரரிடம் போய்விடுவோம். எல்லாரும் செய்வதுதான். நானும் செய்திருக்கிறேன். அது களவில்லை, வியாபாரம்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொட்டாஞ்சேனையில் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை இறக்கியவன். லண்டனில் பெற்றோல் ஸ்டேசனில் இரவில் நின்று, பிறகு சொந்தக் கடை போட்டு, அந்தக் கடைக்கு மேல்மாடியும் சேர்த்துக் குத்தகைக்கு எடுத்தவன். பட்டதாரிகள் என்னிடம் வேலை செய்திருக்கிறார்கள். வீடு வாங்க வேண்டும் என்றபோது வங்கி மனேஜர் தினமும் என் கடையில்தான் பேப்பர் வாங்குவார். ஒருநாள் அவருக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, கடையை ஒருமுறை சுற்றிப் பார்க்கச் சொன்னேன். அவ்வளவுதான். கடன் வந்தது.

அந்த மனேஜர் இப்போது எங்கே என்று தெரியாது. அந்த வங்கிக் கிளை இருந்த இடத்தில் கோப்பிக் கடை நடக்கிறது. வங்கி இப்போது போனுக்குள் இருக்கிறது. அதற்கு எந்தத் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுப்பது?

3

ஓசியில் வேலை செய்கிறேன் என்பவனை நம்ப எனக்கு ஒரு வழிதான் தெரியும். விசாரிக்க வேண்டும்.

அபி அவனுடைய பதிவு நம்பரை அனுப்பினாள், இணையத்தில் பார்க்கலாமாம். யாரோ நட்சத்திரம் நட்சத்திரமாகப் போட்ட பாராட்டுகளையும் அனுப்பினாள். நட்சத்திரத்தை யாரும் போடலாம். எங்கள் ஆட்கள் ஒரு மனிதனைப் பற்றி உண்மை சொல்வது ஒரே ஒரு சமயத்தில்தான், கலியாணத்துக்கு விசாரிக்கும்போது. அப்போதுகூடக் கெட்டவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டார்கள். "எங்களுக்கு அவ்வளவு பழக்கம் இல்லை" என்று திரும்பிக்கொள்வார்கள். அது போதும், விளங்கிவிடும்.

ஜெரோமின் தாய் கொட்டாஞ்சேனையில் எந்த வீதி என்று அபியிடம் கதையோடு கதையாகக் கேட்டு எடுத்தேன். காலையில் வெளிக்கிட்டேன்.

"புரோக்கரை விசாரிக்கப் போறியளோ, மருமகனை விசாரிக்கப் போறியளோ?" என்று கேட்டாள் மனுசி.

"ரெண்டுக்கும் ஒரே வழிதான்."

கொட்டாஞ்சேனைச் சந்தியில் ஓட்டோவை நிறுத்திவிட்டு நடந்தேன். நான் மூட்டை இறக்கிய கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். நின்று பார்க்க நேரமில்லை. ஜெரோமின் வீதி முனையில் ஒரு தேங்காய்க் கடை. ஒரு தேங்காய் வாங்கினேன். தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே அவனைப் பற்றிக் கேட்டேன்.

"ஜெரோமா? மேரி அக்காட மகனா?" கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன ஐயா, கலியாண விசயமா?"

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தேன்.

"நல்ல பொடியன் ஐயா. தாயிக்கு மாசா மாசம் சல்லி அனுப்புறான். குடி இல்ல. ஒரு குறை மட்டும் இரிக்கி."

"என்ன குறை?"

"வாய் கூட. நாம கேட்காததையும் சொல்லுவான். என்ட கடைக்கி முன்னுக்கு நின்டே, 'அண்ணே, அந்தச் சந்திக் கடையில பத்து ரூபா குறைவு' எண்டு என்ட கஸ்டமருக்குச் சொன்னவன்."

இது புரோக்கருக்கு நல்ல குணமா, கெட்ட குணமா என்று யோசித்தபடி தேங்காயோடு நடந்தேன். அடுத்து ஓட்டோ நிறுத்துமிடத்தில் கேட்டேன். பிறகு கோயில் மதிலோரம் பூ விற்கும் பெண்ணிடம் கேட்டேன். ஒருவரும் திரும்பிக்கொள்ளவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. எல்லோரும் நல்லவன் என்று சொல்லும் ஒருவனை நான் இதுவரை கண்டதில்லை.

4

செய்தி எனக்கு முன்னே போய்விட்டது. வீட்டு வாசலில் ஜெரோமின் தாய் நல்ல சேலை உடுத்துக்கொண்டு நின்றார்.

"வாங்க வாங்க. இரிங்க. வெயில்ல நடந்தா வந்தீங்க?"

உள்ளே போனால் மேசையில் பால் விடாத பிளேன்ரீயும் வெட்டிய கேக்கும். மாதா படத்துக்குக் கீழே ஜெரோமின் படம், கோட் போட்டபடி.

"நாங்க வேதம், மாதா கோயில் ஆக்கள்," என்றார். "அது உங்களுக்குப் பரவாயில்லையா?"

"எனக்கு அதிலே ஒரு பிரச்சினையும் இல்லை," என்றேன். உண்மைதான். கடனுக்குச் சமயம் கிடையாது.

"மகளுக்கு என்ன வயசு?"

அப்போதே நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் விசாரணை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. முப்பத்து நாலு என்றேன். அவர் தன் மகனின் வயதைச் சொல்லி, பொருத்தம்தான் என்றார்.

"உங்கட மகன் ரெண்டு பக்கமும் காசு வாங்கிறவரோ?" என்று கேட்டேன்.

அவருடைய முகம் மாறியது. "சீதனமா? நாங்க அப்பிடிப்பட்ட ஆக்கள் இல்ல. ஒரு சதம் கேட்க மாட்டோம்."

இதற்கு மேல் இழுப்பது பாவம் என்று பட்டது. "அம்மா, நான் வந்தது லண்டனில என்ர வீட்டுக் கடன் விசயமா. உங்கட மகன் புரோக்கர் வேலை செய்யிறார்தானே. ஆள் எப்பிடி எண்டு கேக்க வந்தனான்."

கேக் தட்டை ஒருமுறை பார்த்தார். அதை உள்ளே எடுத்துப் போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"கடனுக்கா நீங்க தெரு முழுக்க என்ட மகனை விசாரிச்சீங்க?"

"அந்த வீடு போனா எனக்கு வேற வீடு இல்லையம்மா."

அவர் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்ப விசாரிக்கத்தான் வேணும்," என்றார். "கேக் சாப்பிடுங்க. ஆனா என்னட்ட கேட்டுப் பிரயோசனம் இல்ல. தாயிட்ட கேட்டா நல்லவன் எண்டுதானே சொல்லுவா. அவன்ட்டயே கேளுங்க."

தேங்காயை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். வெறுங்கையோடு போனான் என்று பிறகு சொல்லக்கூடாது.

5

மறுநாள் லண்டனிலிருந்து ஜெரோமே எனக்குப் போன் எடுத்தான்.

"அங்கிள், எனக்குப் பொண்ணு பார்த்தீங்களாம். சந்தோசம். இப்ப கடனைப் பார்ப்போமா?"

தேங்காய்க் கடைக்காரர் சொன்னது சரி. வாய் கூடத்தான்.

"நீ ரெண்டு பக்கமும் வாங்கிறனியோ?" என்று நேரே கேட்டேன்.

"உங்கள்ட்ட இல்ல. பாங்க் தரும். எவ்வளவு தருது எண்டு பேப்பர்ல போட்டு உங்களுக்கே அனுப்புவேன். அது சட்டம். நான் நல்லவன் எண்டு நினைச்சிராதீங்க."

பிறகு அவன் என்னை விசாரிக்கத் தொடங்கினான். வயது, பென்சன், கடை வாடகை, வங்கிக் கணக்கு விவரம். நான் கொட்டாஞ்சேனையில் கேட்டதெல்லாம் ஒன்றுமில்லை. அபி அனுப்பிய என் கணக்குத் தாள்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கேட்டான்.

"மாசா மாசம் ஆறேழு பேர் உங்கட எக்கவுண்டுக்குக் காசு போடுறாங்க. பிறகு ஒரே நாள்ல மொத்தமா வெளிய போகுது. ஒவ்வொரு மாசமும் வேற ஆளுக்கு. என்னது?"

"சீட்டு. நான்தான் தாச்சி."

தாச்சி என்றால் சீட்டை நடத்துகிறவன், எல்லோருடைய காசுக்கும் பொறுப்பானவன். லண்டனில் பாதித் தமிழருடைய கடையும் கலியாணமும் சீட்டில்தான் நடந்தது. என் சீட்டில் ஒருநாளும் காசு பிந்தியதில்லை, அதை யாரிடமும் கேட்கலாம்.

அவன் சிரித்தான். "எங்கட அம்மாவும் பிடிச்சவங்க. எனக்கு விளங்குது. புது பாங்க்ல இருக்கிற வெள்ளைக்காரப் பொம்பளைக்கு எப்பிடி விளங்கும்? நீங்க வட்டிக்குக் குடுக்கிறீங்களோ, யாரிட்டயும் கடன் வாங்கியிருக்கிறீங்களோ எண்டு நினைப்பா."

"அப்ப அதைச் சொல்லாம விடுவம்."

"ஒளிக்கக் கூடாது அங்கிள். வேற பாங்குக்குப் போனா எழுதிக் குடுப்போம். ஆனா நான் பார்த்த மட்டில நீங்க போகத் தேவையில்ல. உங்கட பழைய பாங்கே இருக்கிற கடனைப் புது வட்டிக்கு மாத்தித் தருது. கடனைக் கூட்டிக் கேட்காட்டி வயசு, வருமானம் ஒண்டும் திரும்பப் பார்க்காது. வட்டி வெளியில இருக்கிறதை விடக் கொஞ்சம் கூட. ஆனா உங்களுக்கு இதுதான் பாதுகாப்பு. மாசக் காசு நீங்க கட்டக்கூடிய அளவுதான்."

"அதுக்கு உனக்கு என்ன வரும்?"

"வரும். குறைவா வரும். நான் இல்லாம நீங்களே போன்ல இருக்கிற பாங்க் அப்ல போய் மாத்தவும் ஏலும்."

"அப்ப நீ எதுக்கு?"

"இதைச் சொல்லத்தான் அங்கிள்."

6

போனை வைத்தபிறகு யோசித்தேன். இவன் எப்படிப்பட்ட புரோக்கர்? பாமசி வாசலில் நிறுத்தாமல், சுற்றிக் கூட்டிப் போகாமல், எடுத்த எடுப்பிலேயே ஒழுங்கையையும் வீட்டு நம்பரையும் சொல்லிவிட்டான். இரண்டில் ஒன்று. ஒன்று இவனுக்குத் தொழில் தெரியாது. அல்லது எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இதற்குள் இருக்கிறது.

எதுவானாலும் வெள்ளவத்தை வழக்கப்படி அடுத்த வேலை தெளிவு. வீட்டைப் பார்த்தாயிற்று. புரோக்கரை வெட்டிவிட்டு நேரே போக வேண்டியதுதான். அபியைக் கூப்பிட்டேன். மனுசி பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போனை மேசையில் வைத்து இரண்டு பேரும் கேட்கும்படி சத்தமாகப் போட்டேன்.

"பிள்ளை, அந்தப் பாங்க் அப்பைத் திறந்து நீயே மாத்திவிடு. எந்த வட்டி எண்டு அவன் சொல்லிப்போட்டான். இனி அவன் தேவையில்லை."

"நீங்கள் அவரின்ர அம்மாவிட்டப் போய் எனக்குக் கலியாணம் பேசினீங்களோ?"

"நான் பேசேல்லை. அவவா நினைச்சவ."

"நீங்கள் நினைக்க விட்டீங்கள்."

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். கத்தவில்லை.

"அப்பா, நான் மாத்த மாட்டன். ஜெரோம் மாத்தட்டும்."

"ஒரு பொத்தானை அமத்துறதுக்கு ஒருத்தனுக்கு ஏன் காசு போக வேணும்?"

"ஒரு பொத்தான் இல்லையப்பா. அது முடியும், பிறகு கவுன்சில் கடிதம் வரும், பிறகு பென்சன், பிறகு காஸ்காரன்ர பில். ஒன்பது வயசில இருந்து நான்தானே உங்கட புரோக்கர். பாங்கில, பள்ளிக்கூடத்தில, சட்டத்தரணியிட்ட, எல்லா இடமும் இங்கிலீசை நான்தானே மாத்திச் சொன்னது. அம்மாக்குக் கட்டி எண்டு டொக்டர் சொன்னதை அம்மாக்குச் சொன்னதும் நான்தான். எனக்கு அப்ப பத்து வயசு. எனக்குக் களைச்சுப் போச்சு. நான் தனிய வந்தது அதுக்குத்தான். உங்களோட கோபத்தில இல்லை. கடிதம் இல்லாத வீட்டில கொஞ்ச நாள் இருக்க வேணும் போல இருந்தது."

வெங்காயம் உரித்த கை நின்றது.

நான் ஏதோ சொன்னேன். கடையில் நின்று உழைத்ததும் யாருக்காக என்று சொன்னேன் போல. அவள் "ஓமப்பா, தெரியும்" என்றாள். வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள்.

மனுசிதான் பிறகு கதைத்தாள்.

"அண்டைக்கு ஆஸ்பத்திரியில டொக்டர் கனநேரம் கதைச்சவர். முகத்தை ஒரு மாதிரி வைச்சுக்கொண்டு கதைச்சவர். இவள் என்னைப் பாத்து, 'சின்னக் கட்டி அம்மா, வெட்டினாச் சரியாம்' எண்டு மட்டும் சொன்னவள். டொக்டர் அப்பிடிச் சொன்னவரோ, இவள் தானாச் சொன்னவளோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. நான் கேட்டதும் இல்லை."

"உனக்குச் சந்தேகம் வரேல்லையோ?"

"வந்தது. ஆனா பயப்பிடாமல் போய் ஒப்பரேசன் கட்டில்ல படுத்தனான்."

மனிதர்களைச் சந்தேகிப்பதில் எனக்கு நிகர் நான்தான் என்று எண்ணியிருந்தேன். வங்கியைச் சந்தேகித்தேன், வெள்ளைக்காரனைச் சந்தேகித்தேன், கூடப் பிறந்தவனையே சந்தேகித்திருக்கிறேன். இத்தனை வருசம் எனக்கும் அந்த நாட்டுக்கும் நடுவில் நின்று, வெள்ளைக்காரன் சொன்னதை எனக்கும் நான் சொன்னதை அவனுக்கும் மாற்றிச் சொன்ன ஒருத்தியை மட்டும் ஒருமுறையும் சந்தேகிக்கவில்லை. எத்தனை கடிதத்தை எனக்குச் சின்னதாக்கி வாசித்திருப்பாள்? வரியிலாகாவிலிருந்து வந்ததை, கடையைப் பற்றி யாரோ புகார் கொடுத்தபோது வந்ததை. "ஒண்டுமில்லையப்பா, நான் பதில் போடுறன்" என்று சொல்லிவிட்டுப் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு மேலே போவாள். நான் கடையைத் திறக்கப் போவேன்.

7

ஜெரோமைக் கூப்பிட்டுச் செய்யச் சொன்னேன். ஓசி என்பதை நான் இன்றுவரை நம்பவில்லை. வங்கி அவனுக்குக் கொடுக்கும் காசை எங்கேயோ என் தலையில்தான் கட்டியிருக்கும். அதைச் சொன்னேன். "அப்பிடியும் இருக்கலாம் அங்கிள்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தான். ஒவ்வொரு தாளையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தான். ஒரு பந்தியை இரண்டு முறை வாசிக்க வைத்துச் சொல் மாறுகிறதா என்று பார்த்தேன். மாறவில்லை. வெள்ளவத்தையில் இருந்தபடியே போனில் விரலால் கையெழுத்துப் போட்டேன். வட்டி மாறிவிட்டது. வீடு இருக்கிறது.

இனிமேல் வங்கிக் கடிதம், கவுன்சில் கடிதம் எல்லாவற்றையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு, காசு தருகிறேன், வாசித்துச் சொல் என்று அவனிடம் கேட்டேன். அது தன் தொழில் இல்லை என்றான். ஆனால் அதற்கென்று ஒரு தமிழ் அக்கா இருக்கிறாவாம், மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று. அவவைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். அவவுடைய ஆட்கள் கல்கிசையில் இருக்கிறார்களாம், கிட்டத்தான். இந்த முறை போனவுடனேயே என்ன விசயம் என்று சொல்லிவிட வேண்டும் என்பது மனுசியின் கட்டளை.

ஞாயிற்றுக்கிழமை அபி போன் எடுத்தாள். தனியே போன பிறகு ஏதாவது கடிதம் வந்தால்தான் எடுப்பாள்.

"என்ன கடிதம் வந்தது?" என்று கேட்டேன்.

"ஒண்டும் வரேல்லை."

"பாங்கில ஏதும் பிரச்சினையோ?"

"இல்லையப்பா. சும்மா எடுத்தனான். அங்க மழையோ?"

"ஓம். பெய்யுது."

"நல்லாப் பெய்யுதோ?"

நன்றாகப் பெய்கிறது என்றேன். கடல் தெரியவில்லை என்றேன். போனை யன்னலுக்கு வெளியே நீட்டச் சொன்னாள், சத்தம் கேட்க வேண்டுமாம். நீட்டினேன். கை நனைந்தது. அவள் எதையோ கேட்கத்தான் எடுத்திருக்கிறாள், இப்போது கேட்பாள் என்று கடைசிவரை காத்துக்கொண்டு நின்றேன். அவள் மழையைப் பற்றியே கதைத்துவிட்டு வைத்தாள்.